புளியங்கொட்டை விழுந்த படம்

செந்தூர்பாண்டி அண்ணாச்சி மண்பானையைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, உள்ளே ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை என்று எல்லோருக்கும் காட்டினார். பிறகு பக்கத்து மூட்டையிலிருந்து ஒரு பிடி பனைமட்டை நாரான பனந்தும்பை உருவிப் பிரித்து, பானையின் அடியில் மெத்தையாகப் பரப்பினார். தும்பு இல்லாவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். சோழி விழுந்தால் மண்பானை கணீரென்று சொல்லிவிடும். புளியங்கொட்டை விழுந்தால் மொட்டையாக ஒரு சத்தம் வரும். பானை வந்த புதிதில் கம்பவுண்டர் எஸ்றா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, யார் யார் எதைப் போட்டார்கள் என்று வரிசையாக ஒப்பித்து, இரண்டு பேர் ஒரு மாதம் பேசிக்கொள்ளாமல் இருக்கும்படி செய்துவிட்டார். அன்றிலிருந்துதான் தும்பு.

கருப்பட்டிக் குடோனின் மாடி அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கீழே இருந்து கருப்பட்டிச் சிப்பங்களின் வாடை வெக்கையோடு சேர்ந்து ஏறி வந்துகொண்டிருந்தது. பர்னபாஸ் வழக்கமாக உட்காரும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கைக்குள் ஒரு சோழியும் ஒரு புளியங்கொட்டையும் இருந்தன. இரண்டும் வேர்வையில் நனைந்து ஒன்றோடொன்று வழுக்கின. அவனுக்கு நேர் எதிரே, மாடிப்படி முடிகிற இடத்தில், ஓலைப்பாயில் அவன் தங்கை ஆக்னஸ் முக்காடிட்டு உட்கார்ந்திருந்தாள். சங்கத்தின் கூட்டத்துக்கு ஒரு பெண் வந்தது அதுதான் முதல் தடவை. அவள் கைக்குள்ளும் ஒரு சோழியும் ஒரு கொட்டையும் இருந்தன.

பழம்பட ரசிகர் சங்கம் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் ஆள் ஒன்பது பேர்தான். புதுப்படத்தை எவனும் பார்ப்பான், பத்து வருஷப் பழசைத் தேடிப் பார்க்கிறவனுக்குத்தான் சினிமாவின் அருமை தெரியும் என்று மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் தேவபிரசாதம் ஊர் ஊராகச் சொல்லி, சுதந்திரம் வந்த வருஷத்தில் ஆள் சேர்த்தார். மதுரைக் கம்பெனி ஒன்று மாதாமாதம் பழைய படங்களின் பட்டியல் அனுப்பும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மாதக் கடைசி ஞாயிறு காலையில், பூசை முடிந்த பிறகு, தகரக் கொட்டகையின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் அடைத்துப் போடுவார்கள். ஆப்பரேட்டர் மாடக்கண்ணு சங்கத்தில் ஓர் ஆள் என்பதால் அது நடந்தது. பார்க்க வருவது ஒன்பது பேர் இல்லை. ஒன்பது பேரின் வீடு, வீட்டுக்குப் பக்கத்து வீடு, கடைக்கு வந்தவன், கடனே என்று கூட வந்தவன் என்று பாதி ஊர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்.

தேர்ந்தெடுப்பதுதான் பெரும்பாடு. இரண்டாம் மாதம் போட்ட படத்தில் கோமாளி ஒருவன் பாதிரிச் சாமியார் அங்கி மாட்டிக்கொண்டு ஆடினான். கடற்கரைக்காரர்கள் எல்லோரும் பாதியில் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாம் மாதம் பனையேறியைக் குடிகாரனாகக் காட்டினான் ஒருவன். அண்ணாச்சியின் மச்சினர்கள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். அப்போது அண்ணாச்சி போட்ட சட்டம்தான் இந்தப் பானை. ஒவ்வொரு படத்தின் பெயரையும் வாத்தியார் வாசிப்பார். பானை சுற்றி வரும். சம்மதம் என்றால் சோழி, வேண்டாம் என்றால் புளியங்கொட்டை. கை பானைக்குள் போய்த்தான் விரல் திறக்க வேண்டும். ஒரே ஒரு கொட்டை விழுந்தாலும் அந்தப் படம் கிடையாது. யார் போட்டது, ஏன் போட்டது என்று கேட்கக் கூடாது. இதனால் பட்டியலில் இருந்த ஏழு படத்துக்கும் கொட்டை விழுந்து, படமே இல்லாமல் ஆளுக்கொரு டம்ளர் சுக்குக் காப்பி குடித்துவிட்டுக் கலைந்த மாதங்களும் உண்டு.

ஆனால் ஒரே படத்துக்கு மூன்று தடவை கொட்டை விழுந்தது 'முத்துத்தீவு மோகனா'வுக்கு மட்டும்தான். மூன்று தடவையும் எட்டுச் சோழி, ஒரு கொட்டை.

அந்த மூன்றும் பர்னபாஸ் போட்டவை.

அவன் சினிமா ரசிகன் இல்லை. கப்பல் கம்பெனிக் குடோனில் காவல்காரன். மாடக்கண்ணு கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் சங்கத்தில் சேர்ந்ததைப் பார்த்து, இவனுக்கு எப்போது இந்தப் பைத்தியம் பிடித்தது என்று மாடக்கண்ணுவே ஆச்சரியப்பட்டான். இந்தப் படம் என்றைக்காவது ஒருநாள் பட்டியலில் வரும், அன்றைக்குத் தான் அங்கே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் பர்னபாஸ் சேர்ந்தான். குடோனுக்குக் காவல் இருந்ததுபோலவே சங்கத்திலும் காவல் இருந்தான்.

வாத்தியார் தேவபிரசாதம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தை விரித்தார்.

"மதுரைக்காரன் எழுதியிருக்கான். மோகனா பிரிண்டு இது ஒண்ணுதான் மிச்சமாம். ரொம்பக் கிழிஞ்சு போச்சாம். இந்த மாசம் யாரும் எடுக்கலைன்னா எடைக்குப் போட்டுருவாங்களாம். வளையல் பட்டறைக்காரன் வந்து பாத்துட்டே போயிட்டானாம்."

"பிலிமைக் கரைச்சு வளையல் பண்ணுவானுவ அண்ணாச்சி," என்றான் மாடக்கண்ணு. "பளபளன்னு இருக்கும். நம்ம ஆளுக்க படம் எவ கையிலயாவது கெடந்து குலுங்கும்."

எஸ்றா எழுந்தார். அவர் எழுந்தால் மருந்து கலக்குகிற மாதிரி வலது கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுவார்.

"ஒரு படத்துக்கு மூணு கொட்டை. மூணும் ஒரே கை போட்டது. இது மனசு நோவுத காரியமில்ல அண்ணாச்சி, எவனோ வேணும்னே போடுதான். அந்தப் படத்துல நம்ம ஊருக் கடல் இருக்கு. நம்ம ஊரு ஆளு குளிக்கான். அந்த ஆளுக்க பொஞ்சாதி இந்தா உக்காந்திருக்கா. அவ மாப்பிள்ளைய அவ பாக்கக் கூடாதுன்னு சொல்ல இங்கன எவனுக்கு உரிமை இருக்கு?"

"ஏன்னு கேக்கப்பிடாதுன்னு நாமதானவே சொல்லி வச்சிருக்கோம்," என்றார் அண்ணாச்சி.

"நான் போன வாரமே எல்லார்ட்டயும் சொல்லி வச்சதுதான், இன்னைக்கு ஒரு நாள் கேப்போம். கொட்டை போட்ட ஆளு எந்திரிச்சு நின்னு காரணத்தைச் சொல்லட்டும். சொன்னா, படத்தை விட்டுருவோம். எந்திரிக்கலைன்னா அந்தக் கொட்டைக்கு மதிப்பு இல்ல, படம் வந்துரும். பெறவு, இந்த அம்மாவும் போடட்டும்னுதான் ஒரு சோழி, ஒரு கொட்டை குடுத்திருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். பர்னபாஸும் ஆட்டினான். ஆட்டாமல் இருந்தால் அதுவே பெரிய பதிலாகிவிடும். இதுவரை இருட்டுக்குள் கையை விட்டு விரலைத் திறந்தால் போதுமாக இருந்தது. இனி எழுந்து நிற்க வேண்டும், அல்லது படம் வரும்.

"ஏம்மா, வீட்டுல அவருக்க போட்டோ எதுவும் உண்டுமா?" என்று அண்ணாச்சி ஆக்னஸிடம் கேட்டார்.

"இல்லைய்யா. கல்யாணத்துக்கு ஒண்ணு எடுக்கணும்னு சொன்னாக. எடுக்கல."

அவ்வளவுதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை வரை அவளுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது என்றுதான் பர்னபாஸ் நம்பியிருந்தான். வாத்தியாரின் மனைவி பிளாரன்ஸிடம் லேஸ் பின்னிக் கொடுக்கப் போன இடத்தில், மூன்று கொட்டை விழுந்த கதை, எஸ்றாவின் யோசனை, எழுந்து நிற்கிற புதுச் சட்டம் எல்லாவற்றையும் பிளாரன்ஸ் கொட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழமை நானும் வாரேன்" என்றாள் ஆக்னஸ். வேறு ஒன்றும் கேட்கவில்லை. பர்னபாஸ் அந்தச் சோற்றைத் தொடாமலே எழுந்து கையைக் கழுவினான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து படக்காரர்கள் வந்து இறங்கினார்கள். முத்துக்குளிப்பைப் படம் பிடிக்க வேண்டுமாம். முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாகியிருந்தது. அப்போது நடந்ததெல்லாம் சங்குக் குளிப்புதான். அவர்களுக்கு அதெல்லாம் ஒன்றுதான். மூழ்கிச் சங்கு எடுக்கும் குளியாளிகளில் உடல்கட்டான ஆளாகப் பார்த்து சிலுவையைப் பிடித்தார்கள். சிலுவை ஆக்னஸின் புருஷன். சிலுவை கடலுக்குள் போகும்போது மேலே வள்ளத்தில் கயிறு பிடிப்பவன் பர்னபாஸ்.

அந்தக் கடற்கரையில் கயிற்றை யார் வேண்டுமானாலும் பிடித்துவிட முடியாது. குளியாளியின் கயிறு மச்சான் கையில்தான் இருக்க வேண்டும், அதுவும் பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன் கையில். அண்ணன் தம்பி என்றால் பங்காளிக் காய்ச்சல் இருக்கலாம். சிநேகிதன் என்றால் ஒருநாள் மனம் மாறலாம். தங்கச்சியின் தாலி முடிச்சு அந்தக் கயிற்றின் மறுமுனையில் கிடக்கும்போது எவனும் கையைத் தளரவிட மாட்டான் என்று முன்னோர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சிலுவை அடியில் இருந்து கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுப்பான். அந்த இழுப்பு பர்னபாஸின் உள்ளங்கைக்கு வந்து சேர்வதற்குள் அவன் தோள் பின்னால் போயிருக்கும். எட்டு வருஷம் அப்படி.

மூன்றாம் நாள், முயல்தீவுக்குக் கிழக்கே, டைரக்டருக்கு ஒரு யோசனை வந்தது. கயிறு கதாநாயகன் கையில் இருக்க வேண்டும். அஞ்சு நிமிஷம்தான் என்றார்கள். சிலுவை அப்போதே தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பர்னபாஸைப் பார்த்தான். "நீ பக்கத்துலயே நில்லு மச்சான்" என்று சொல்லிவிட்டு மூச்சை இழுத்துக்கொண்டு, மூழ்கக் கட்டிய கல்லோடு உள்ளே போனான். பர்னபாஸ் அதற்குள் கயிற்றைக் கொடுத்திருந்தான். அவன் தலையில் பட்டுத் தலைப்பாகை கட்டியிருந்தார்கள். காமிராவைப் பார்க்காதே, ஆனால் சந்தோஷமாக நில்லு என்றார்கள். அந்த நடிகன் முகத்துக்கு மாவு பூசி, கயிற்றை ஊஞ்சல் கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு, வாயசைத்துப் பாடிக்கொண்டிருந்தான். இழுப்பு வந்தது அவனுக்குத் தெரியவில்லை. அது இழுப்பு என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. பர்னபாஸ் பார்த்துக் கயிற்றில் பாய்ந்தபோது கயிறு கனமாக இருந்தது, ஆனால் அதில் அசைவு இல்லை.

மூக்கிலும் காதிலும் ரத்தத்தோடு மேலே வந்தான் சிலுவை. கரை சேர்வதற்குள் முடிந்துவிட்டது. படக்காரர்கள் அன்று சாயங்காலமே ரயில் ஏறினார்கள். கரையில் ஆக்னஸ் தலைவிரி கோலமாக ஓடி வந்து, "அண்ணே, கயிறு ஒன் கையிலதான இருந்துச்சு?" என்று கேட்டாள். "எங் கையிலதான் இருந்துச்சு ஏளா. இழுப்பே வரல" என்றான் பர்னபாஸ். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாயிலிருந்து விழுந்துவிட்டது. விழுந்த பிறகு அதைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை. வள்ளத்தில் இருந்த மற்ற இரண்டு பேரில் ஒருவன் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. இன்னொருவனை அம்மை கொண்டு போயிற்று. மிச்சம் இருந்த ஒரே சாட்சி அந்தப் படச்சுருள்தான். அந்த இடம் படத்தில் இருக்கிறதா, வெட்டிப் போட்டார்களா என்று பர்னபாஸுக்குத் தெரியாது. அவன் படத்தைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களிடம் கேட்கவும் துணிந்ததில்லை. அவன் அதற்குப் பிறகு கயிறு பிடிக்கவில்லை. ஆக்னஸைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்படி ஓர் அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று கோயில் முற்றத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்.

"பானை வருது," என்றார் அண்ணாச்சி.

முதலில் அண்ணாச்சியே கையை விட்டு எடுத்தார். அடுத்து வாத்தியார். மாடக்கண்ணு கையை உள்ளே விட்டபடியே, என்னத்தைப் போட என்று கேட்டு விளையாட்டுக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. எஸ்றா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ச்சல்காரனின் நாக்கைப் பார்க்கிற பார்வை அது. பர்னபாஸின் முறை ஏழாவது.

காரணம் அவனிடம் தயாராக இருந்தது. இரண்டு நாளாக அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். எழுந்து நிற்க வேண்டியது. 'அண்ணாச்சி, அந்தப் படத்துல எம் மச்சான் சாகுதான். அதை எந் தங்கச்சி பாக்கக் கூடாது' என்று சொல்ல வேண்டியது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எஸ்றா வாயடைத்துப் போவார். அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாத்தியார் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்குவார். நாளைக்கே பிளாரன்ஸ் வாயிலிருந்து ஊர் முழுக்கப் பரவிவிடும், பாருங்கள் அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று. படம் வளையலாகிவிடும். அதோடு தீர்ந்தது. செத்துப் போகிறவரை நிம்மதி.

பானை அவன் மடிக்கு வந்தது. கையை உள்ளே விட்டான். தும்பு விரலில் குத்தியது. கொட்டையைக் கட்டைவிரலால் முன்னால் தள்ளினான். அப்போதுதான் அவனுக்கு அந்தக் கைகுலுக்கல் கண்ணில் தெரிந்தது. வாத்தியாரின் மெலிந்த விரல்கள், அண்ணாச்சியின் ஈரக் கண். பன்னிரண்டு வருஷமாக வாங்கிக்கொண்டிருந்த நல்ல பெயர் போதாதென்று இன்னொன்று. அதைத் தாங்க முடியாது என்று பட்டது. வேறு எதையும் தாங்கிவிடலாம். ஊர் காறித் துப்புவதைக்கூடத் தாங்கிவிடலாம். இன்னொரு தடவை நல்ல அண்ணனாக முடியாது. கட்டைவிரல் பின்னால் வந்தது. சோழி தும்பில் விழுந்ததை அவன் மட்டும் உணர்ந்தான். கையை வெளியே எடுத்தபோது அக்குள் வரை வேர்த்திருந்தது. முடிந்தது. கடைசி ஞாயிறு தகரக் கொட்டகையில் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்ததும் அவனுக்கு ஒரு பக்கம் குலை நடுங்கியது, இன்னொரு பக்கம் பசித்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பானை கடைசியாக ஆக்னஸிடம் போனது. அவள் யோசிக்கவே இல்லை. கையை விட்டாள், எடுத்தாள்.

அண்ணாச்சி பானையை வாங்கித் துண்டை விரித்து அதன் மேல் கவிழ்த்தார். தும்பு கட்டியாக விழுந்தது. அதை உதறி உதறிப் பிரித்தார். சோழிகள் ஒவ்வொன்றாக உருண்டன. வாத்தியார் எண்ணினார். ஏழு. எட்டு. ஒன்பது.

தும்பின் கடைசி இழையில் சிக்கியிருந்த ஒரு புளியங்கொட்டையை அண்ணாச்சி இரண்டு விரலால் எடுத்துத் துண்டின் நடுவில் வைத்தார்.

கீழே யாரோ கை வண்டியில் சிப்பம் இறக்கும் சத்தம் கேட்டது. கை தன்னை ஏமாற்றிவிட்டதோ என்ற பயத்தில் பர்னபாஸ் மடியில் இருந்த வலது கையைத் திறந்து பார்த்தான். கொட்டை அங்கேயே இருந்தது. உள்ளங்கைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு, பழுப்பாக, ஈரமாக. அப்படியானால் துண்டில் கிடப்பது யாருடையது? நிமிர்ந்தான். ஆக்னஸ் அவன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு திகைப்பை அவன் பார்த்ததில்லை. துண்டில் கிடந்த ஒற்றைக் கொட்டையைப் பார்த்தாள், மறுபடியும் அவன் கையைப் பார்த்தாள்.

"யாரு?" என்றார் அண்ணாச்சி மெதுவாக. "எந்திரிச்சு சொல்லிரு. சங்கடப்படாண்டாம்."

எஸ்றாவின் கண் நேராக ஜன்னல் பக்கம் வந்தது. பர்னபாஸ் கையை மூடிக்கொண்டான்.

ஆக்னஸ் எழுந்தாள்.

"நாந்தான்யா."

எஸ்றாவின் கை பாதியில் நின்றது. "நீயாம்மா? ஒனக்காகத்தானே இவ்வளவும்…"

"தெரியும்யா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். செத்தவுகளை எழுப்பி ஊருக்கு முன்னால நிறுத்தாண்டாம். அவுக மொகம் எனக்கு நெனவு இருக்கு. அது போதும்."

முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு படியிறங்கினாள். அண்ணாச்சி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாத்தியார் பட்டியலில் அந்தப் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

பர்னபாஸ் மிச்சக் கொட்டையை, மிஞ்சியதைத் திருப்பிப் போடும் படியோரப் பெட்டியில் போட்டுவிட்டுப் பின்னாலேயே இறங்கினான். அவள் வீட்டுப் பக்கம் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. தோணிகளில் ஆள் இல்லை, ஞாயிற்றுக்கிழமை. கரையில் அடித்திருந்த முளையில் கட்டப்பட்டு ஒரு வள்ளம் அலையில் ஆடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் வந்துதான் நின்றாள்.

"ஒன்னது ஒண்ணு, என்னது ஒண்ணு, ரெண்டு விழும்னு நெனச்சேன்," என்றாள்.

அவன் இரண்டடி தள்ளி நின்றான்.

"ரெண்டு விழுந்தாலும் நான் மொதல்ல எந்திரிச்சிட்டா ஒன்னைக் கேக்க மாட்டாகல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

"ஏளா ஆக்னஸ்…"

"நான் அந்தப் படத்தைப் பாத்தாச்சு அண்ணே. ஒம்பது வருசம் ஆச்சு. கருவாடு விக்க குலசை தசராவுக்குப் போனேன்லா, அப்ப அங்கன கொட்டாயில போட்டிருந்தான்."

ஒன்பது வருஷம். அதில் எத்தனை வேளை சோறு போட்டிருப்பாள், எத்தனை காய்ச்சலுக்கு நெற்றியில் பற்றுப் போட்டிருப்பாள் என்று எண்ண முயன்று அவனால் முடியவில்லை.

"அதுல… அந்த எடம்…"

"இருக்கு."

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குரல் உயரவில்லை.

"அவுக உள்ள போறாக. கயிறு அந்த வேசக்காரன் கையில இருக்கு. நீ பக்கத்துல நிக்க. சிரிச்சிக்கிட்டு நிக்க."

சிரிக்கச் சொன்னார்கள் என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை இப்போது இவளிடம் நீட்டுவது எவ்வளவு கேவலம் என்று அவனுக்கே தெரிந்தது.

"அதை நான் பாத்தது போதும். ஊரு பாக்காண்டாம்," என்றாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "நீ ஏன் சோழி போட்ட?" என்று கேட்டாள். அதைக் கேட்கும்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"இனிமே முடியல ஏளா."

அவள் அவன் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, பெட்டியில் போடாமல் கொண்டு வந்திருந்த சோழியை எடுத்து வள்ளத்தின் விளிம்பில் வைத்தாள். திரும்பி நடந்தாள். மணலில் அவள் கால் புதைந்து புதைந்து எழுந்தது. வீட்டுப் பக்கம்தான் போகிறாளா, கோயில் பக்கம் போகிறாளா என்று அந்தத் தூரத்திலிருந்து தெரியவில்லை.

பர்னபாஸ் சோழியை எடுக்க வள்ளத்தின் பக்கம் கை நீட்டினான். கை போய்ப் பிடித்தது வள்ளத்தைக் கட்டியிருந்த கயிற்றை. பன்னிரண்டு வருஷமாகத் தொடாத ஈரக் கயிறு. அலை வாங்கியதும் வள்ளம் பின்வாங்கி, கயிறு அவன் உள்ளங்கைக்குள் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. தோள் தானாகப் பின்னால் போயிற்று. விளிம்பில் இருந்த சோழி உருண்டு தண்ணீரில் விழுந்தது. அவன் கயிற்றை விடவில்லை. மறுபடியும் இழுத்தது.